கூடுதல் சூடு யாருக்கு முதலில்?

சிரம்பானை அடுத்த லாபு பக்கம் ஒரு தோட்டத்து மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மூன்று ராட்சசர்கள் சாகாமல் நின்றுகொண்டிருந்தார்கள். காகிதத்தில்தான். ஆனாலும் ரோகினி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

கதை சொல்லிக்கொண்டே பகடை உருட்டுகிற ஆட்டம் அது. சிரம்பானில் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற ரோகினி, இரண்டு வருஷமாய் அதில் ஒரு மந்திரக்காரியைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்து வைத்திருந்தாள். மந்திரக்காரி வீசிய நெருப்பு மூன்று பேர்மேலும் பட்டுவிட்டது. பகடையில் விழுந்தது எட்டு; அது மூவருக்கும் உண்டு. அவள் பலத்துக்குக் கூடுதல் ஐந்து. ராட்சசன் ஒவ்வொருவனுக்கும் உயிர் பத்து. ஆளாளுக்கு ஐந்து சேர்ந்தால் மூவரும் சாம்பல். ஒருத்தனுக்கு மட்டும் என்றால் மிச்சம் இரண்டு பேரும் அவளைத் தின்றுவிடுவார்கள்.

"ஒரு நெருப்பு, ஒரு கூடுதல்தான்லா," என்றான் ஆட்டத்தை நடத்துகிற மகிந்தன்.

"நெருப்பென்ன பங்கு பிரிச்சா எரியுது?" என்றாள் ரோகினி.

திருவிழாக் கூட்டத்துக்கு ஆள் சேராமல் பக்கத்து மேசையில் காத்துக் கிடந்த மண்டபத் தலைவர் இராஜமாணிக்கம் தொண்டையைக் கனைத்தார். "இந்த மண்டபத்துக்குள்ள எதுன்னாலும் குழு முடிவுதான்."

"ஒருத்தருக்கு மட்டும் கூடுதல்னா, யாருக்கு முதல்ல?" என்று கேட்டார் செயலாளர் புனிதன்.

"முன்னாடி நிக்கிறவனுக்கு," என்றான் மகிந்தன்.

தலைவர் தன் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். போன திருவிழாவில் முதல் மாலை யாருக்கு என்று நாற்காலி பறந்த இடமாயிற்றே.

பொருளாளர் சன்னாசி எழுந்தே விட்டார். "அப்ப பின்னாடி நிக்கிறவரு இளிச்சவாயரா? வெறும் எட்டோட அனுப்பினா, நாளைக்கு அவரு வீட்டு ஆளுங்க நம்ம மூஞ்சியில முழிப்பாங்களா?"

"நடுவுல இருக்கிறவரு வாயத் தொறக்கல. அதுக்காக ஒதுக்கிடறதா?" என்றார் புனிதன்.

ஆகவே, மாண்புமிகு ராட்சசர்கள் மூவருக்கும் பாகுபாடின்றி முழுச் சூடு வழங்குவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. மூவரும் நின்ற இடத்திலேயே சாம்பல். ரோகினி மேசையைத் தட்டித் துள்ளினாள்.

"இரும்மா, நன்றியுரை இருக்கு," என்று புனிதன் எழுந்தார். தலைவருக்கு நன்றி. மகிந்தனுக்கு நன்றி. பகடைக்கு மேசை தந்தவருக்கு, தேத்தண்ணி ஆற்றியவருக்கு, உயிர் கொடுத்து ஒத்துழைத்த ராட்சசர்களுக்கு நன்றி. வணக்கம்.

ரோகினியின் முகம் சுண்டிப்போனது. "எரிச்சவ நான். என் பேரு எங்க அங்கிள்?"

தலைவர் பதறிக் கையெடுத்துக் கும்பிட்டார். "பெரிய தப்பும்மா! உனக்கும் செஞ்சிடுவோம்."

"சும்மா பேருக்குச் செய்யக்கூடாது. அவங்களுக்குச் செஞ்சது அத்தனையும் எனக்கும் வேணும். ஒண்ணும் கொறையக்கூடாது."

"கொறைப்போமா?"

ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

மகிந்தன் காகிதத்தில் அழிக்கிற ரப்பரைக் கையில் எடுத்தான். "அவங்களுக்குச் செஞ்சது எட்டு, கூடுதல் அஞ்சு. உன் மந்திரக்காரிக்கு உயிர் எத்தனை?"

"பத்து," என்றாள் ரோகினி. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஆனால் கைதட்டல் நிற்கவில்லை. அவளும் எழுந்து நின்று, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டாள்.