விமானிக்கு எந்தக் காலேஜ்?

பட்டம் விசாரிப்பவர் என்றோர் இனம் உண்டு. கேள்விப்பட்டதில்லையா? உங்கள் மாடிப்படியிலேயே ஒருவரோடு முட்டிக்கொண்டிருப்பீர்கள். குழாய் அடைக்க வந்தவர் முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது அவரிடம் எந்தக் காலேஜ் என்பார். பல் டாக்டரிடம் வாயை ஆவென்று திறந்துவைத்துக்கொண்டே, சுவரில் மாட்டியிருக்கும் பட்டத்தில் வருஷம் சரியா என்று கண்ணால் துழாவுவார். கழுத்தில் சவரக்கத்தி ஓடுகிற நேரம் பார்த்து, ஓட்டுகிறவரிடமே எத்தனாவது வரை படித்தீர் என்பார். கத்தி ஒரு கீறலோடு நின்றது. திருந்தினாரா? மறுநாள் கழுத்தில் பிளாஸ்திரியோடு அடுத்தவரைக் கேட்டார்.

அந்த இனத்தின் அசல் சரக்கு நம்ம முத்திரையார். அடுத்தவர் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்து, ‘அசலைப் பார்த்தேன்’ என்று முத்திரை குத்துவதே இருபத்தெட்டு வருஷ உத்தியோகம். குத்திக் குத்தி, முத்திரை விழாத எதுவும் உலகத்தில் நிஜமில்லை என்றாகிவிட்டது. இத்தனைக்கும் அவர் காலேஜ் வாசலை மிதித்தவரில்லை. அதனால்தான் ஒரே மகள் கறுப்பு அங்கி போட்டு மேடையேறுவதைப் பார்க்க மூன்று வருஷமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

விழா வெளியூரில், சாயங்காலம் நாலு மணிக்கு. காலை ஏழு மணி விமானம். ஒரு மணி நேரப் பயணம். கெடுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

விமான வாசலில் கேப்டன் நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். முத்திரையாருக்கு நாக்கு அரித்தது. மனைவி சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் கேட்டுவிட்டார்.

“நீங்க எந்தக் காலேஜ்?”

“காலேஜ் போகல சார். பள்ளிக்கூடம் முடிச்சு நேரா பறக்கக் கத்துக்கிட்டேன். லைசென்ஸ் இருக்கு. பதினோராயிரம் மணி நேரம் ஓட்டியிருக்கேன்.”

“மணிக்கணக்கு இருக்கட்டும். பட்டம் இல்லாம இது எப்படி மேல போகும்?”

“எப்பவும் போற மாதிரிதான் சார். இறக்கையில.”

அதற்கு மேல் ஒரு விநாடி அங்கே நிற்பாரா மனிதர்? இறங்க வேண்டும் என்றார். பின்னால் நின்ற நாற்பது பேரும் இறக்கிவிடுங்கள் என்றார்கள். மனைவி மட்டும் தன் இருக்கையில் போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

“நீங்க விசாரிச்சுட்டு மெதுவா வாங்க. நான் புள்ளையப் பாக்கப் போறேன்.”

டாக்ஸி பிடித்தார். ரோட்டு வழியாக ஏழு மணி நேரம். ஓட்டுநரோ இரட்டைப் பட்டதாரி, சான்றிதழ்களைக்கூட வண்டியிலேயே வைத்திருந்தார்! முத்திரையார் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு எத்தனை நாளாச்சு என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

நாலு நாள்.

நாற்பதுக்கு மேல் வேகம் ஏறவில்லை. ரவுண்டானா வந்தால் எந்தப் பக்கம் பிரிவது என்று புரியாமல் மூன்று சுற்று. ஒரு முட்டுச்சந்தில் நுழைந்து சுவரை மூக்கால் தொட்டு நின்றபோது, ரிவர்ஸ் மட்டும் இன்னும் கைவரவில்லை என்று ஓட்டுநர் ரொம்பப் பணிவாகத் தெரிவிக்க, முத்திரையாரும் வழிப்போக்கர் இருவருமாக வண்டியைப் பின்னால் தள்ளினார்கள். அப்போதும் அவர் சொன்னது இதுதான்: படிச்சவன் பேச்சில் என்ன ஒரு மரியாதை!

போய்ச் சேர்ந்தபோது மணி ஆறேகால். அரங்கத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாடகை அங்கியை ஐந்து மணிக்கே திருப்பி வாங்கிவிட்டார்களாம். மகள் சாதாரண சுடிதாரில், படிக்கட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். பட்டத்தை நீட்டினாள்.

பழக்கதோஷம். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முத்திரையைத் தடவினார்.

“அசல்தாம்மா.”

“அசலைப் பாக்கணும்னா நாலு மணிக்கு வந்திருக்கணும்பா.”

முத்திரையார் பட்டத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்.

திரும்பும்போது மூவரும் விமானத்தில்தான் வந்தார்கள். வாசலில் அதே கேப்டன். முத்திரையார் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். தண்ணீர் கொடுத்த பணிப்பெண்ணிடம்தான் கேட்டார்.

போகட்டும், அவர் பிறவி அப்படி. நமக்கென்ன? ஆனால் அந்த டாக்ஸிக்காரர் வாங்கிய இரண்டும் என்ன பட்டம், எந்தக் காலேஜ் என்று சொல்லவே இல்லையே என்று உங்களுக்குள் ஒரு நமைச்சல் எடுக்கிறதா? எடுத்தால், அடுத்த தடவை விமானம் ஏறும்போது வாயில் ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். வாசலில் நிற்கிறவர் வணக்கம் சொன்னால், வணக்கத்தோடு விடுங்கள்.