கழட்டண்ணனின் சட்டைப்பை

சேலம், நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் கடவுளுக்கு அடுத்தபடியாக மனிதனை வெறும் ஆளாக நிற்க வைத்துப் பார்த்தவர் ஒருவர்தான். சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்கதவைக் காப்பவர். பேர் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் "கழட்டுங்க" என்பார். ஆகவே கழட்டண்ணன்.

உள்ளே இருப்பது அசுரக் காந்தம். உடம்பில் பொட்டு இரும்பு இருந்தாலும் ஆபத்து; தங்கம், வெள்ளிகூட ஆகாது. சரி, அதைப் பக்குவமாகச் சொல்லலாமே? அந்த வாய்க்குப் பக்குவம் ஆகாது.

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் முதலாளி ஒருவர், விரலுக்கு விரல் மோதிரம். "ராசிக்கல்லுங்க. கழட்டுனா சனி புடிச்சுக்கும்" என்றார்.

"உள்ளார போனா காந்தம் புடிச்சுக்குமுங்க. சனியாச்சும் ஏழரை வருசத்துல உட்ரும்."

வெண்ணந்தூர் விவசாயி ஒருவர் சத்தம் வருமா என்று பயந்து கேட்டார். "போர் போடற மாதிரி வருமுங்க. தண்ணி வந்துருச்சான்னு எந்திரிச்சுப் பாத்துறாதீங்க."

ஊரையே கழட்டிய மனிதர் தன் இடுப்புச் சாவிக்கொத்தை மட்டும் கழட்டியதில்லை. பூசாரி மாதிரி வாசலில் அதிகாரம். ஆனால் காந்தம் இருக்கும் அந்தக் கருவறைக்குள் கால் வைத்ததே கிடையாது! சட்டைப்பை வேறு எப்போதும் உப்பிக் கிடக்கும். பீடிக்கட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி சரசு அடிக்கடி மயங்கி விழுந்தாள். தலைக்குள் கட்டி இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். ஸ்கேன் பார்க்காமல் வைத்தியம் இல்லை என்றுவிட்டார். முருகா முருகா என்று கூட்டிப் போயிருந்தேன். தோடு, மெட்டி, கொண்டை ஊசி எல்லாம் கழட்டியாயிற்று.

"தாலிக்கொடியுமுங்க, அம்மிணி."

சரசு எழுந்துவிட்டாள். "உசுரே போனாலும் அதக் கழட்ட மாட்டேன். மாமா, வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

கழட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போகவும் பயம். இனி கழட்டண்ணன் வாய் வேறு அவளைக் குதறப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவர் கை சட்டைப்பைக்குள் இருந்தது. வெளியே வந்தது மஞ்சள் கயிற்றுக் கட்டு; அதில் ஒன்றை உருவினார். நடுவில் விரலி மஞ்சள் கோத்திருந்தது. எங்கள் பக்கம் தாலியைப் பழுது பார்க்க நகை ஆசாரியிடம் கொடுத்தால், திரும்பி வரும்வரை கழுத்தில் இருப்பது அதுதான்.

"மொதல்ல இதக் கட்டிக்குங்க, அப்பறம் அதக் கழட்டுங்க. ஏனுங்க, வேடிக்கை பாத்துட்டு நிக்கறீங்க? நானா கட்டறது?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மூன்று முடிச்சுப் போட்டேன்.

"மேளத்தக் காணமுங்களே" என்றாள் சரசு.

"உள்ளார போங்க, அம்மிணி. தானா அடிக்கும்."

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். தாலிக்கொடியைத் துண்டில் பொதிந்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கதவுக்கு வெளியே நான் அந்த மேளத்தைக் கேட்டபடி நின்றேன்.

கட்டி இல்லை. மயக்கம் மாத்திரையிலேயே சரியாகிவிட்டது.

அந்த மஞ்சள் கயிறு எங்கள் பூசை மாடத்தில் இருக்கிறது. விளக்கேற்றும்போது பிள்ளைகளுக்கெல்லாம் வேண்டிவிட்டுக் கடைசியில் சொல்வேன்: முருகா, அந்த ஆளின் வாயைக் கொஞ்சம் கழட்டி வை; சட்டைப்பையை மட்டும் அப்படியே விட்டுவிடு.