அரைக்கண் விசுவாசி

விசுவாசிகளில் பல வகை உண்டு. பாட்டுக்குக் கை தட்டுகிறவர்கள், சாட்சி சொல்லும்போது கண்ணீர் விடுகிறவர்கள், பிரசங்கம் நீளும்போது பைபிளின் கடைசிப் பக்க வரைபடத்தில் எருசலேமுக்கு வழி தேடுகிறவர்கள். இவர்களைப் பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாத ஒரு வகை இருக்கிறது. தெரிய வாய்ப்பில்லை. அவரைக் கவனிக்கவேண்டிய நேரத்தில் சபையே கண்ணை மூடியிருக்கும். அவர் மட்டும் மூடியிருக்க மாட்டார்.

அவர்தான் அரைக்கண் விசுவாசி.

கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலிதான் அவருடையது. அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கிருந்துதான் எல்லா முதுகும் தெரியும். பாஸ்டர் "தலைகளைத் தாழ்த்துவோம்" என்றதும் மற்றவர்களைவிட ஒரு சாண் கூடுதலாகவே தாழ்த்துவார், நெற்றியில் கையை வைத்து வெயிலுக்கு மறைப்பதுபோல மறைத்துக்கொள்வார். அப்புறம் அந்த விரலிடுக்கு வழியாக, ஆறுச்சாமி அண்ணன் ஜெபத்தின் இரண்டாவது வாக்கியத்திலேயே தூங்கிப்போய், எல்லோரும் ஆமென் சொல்லும்போது தானும் பிசகாமல் ஆமென் சொல்லி விழிப்பதையும், கீபோர்டு தேஜா ஒரு கையால் உருக்கமாக வாசித்தபடி மறுகையால் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதையும், ரங்கம்மாள் அக்கா "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று கண்ணீர் வழிய, மூடிய கண்ணோடே பக்கத்து நாற்காலியில் ஹேண்ட்பேக்கைப் போட்டுத் தங்கச்சிக்கு இடம் பிடிப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

யாரிடமாவது சொல்வாரா? மாட்டார். கூச்ச சுபாவம்.

இவ்வளவு விவரம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள். கேட்காமல் விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

சரி, நான்தான்.

உக்கடத்தில் ஒரு இரும்புக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் சபை. பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டர் வழக்கமாக ஒன்று சொல்வார். "எல்லாரும் கண்ணை மூடியிருங்க. யாரும் யாரையும் பாக்க வேண்டாம். மனசுல பாரத்தோட வந்திருக்கறவங்க கையை மட்டும் உயர்த்துங்க." ஒரு கை உயரும். "பாத்துட்டேனுங்க, இறக்கிக்கலாம்" என்பார். கை இறங்கும். கூட்டம் முடிந்ததும் அந்தக் கைக்காரரைத் தேடிப்போய்ப் பேசுவார். நல்ல மனிதர்.

சிக்கல், ஸ்பீக்கர் பெட்டியால் வந்தது. பின்வரிசைக்கும் வார்த்தை போய்ச் சேரவேண்டும் என்று உபவாசமிருந்து ஜெபித்து வாங்கிய ஆளுயரப் பெட்டி. வார்த்தை சேர்ந்தது. பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கதிர்தான் பாஸ்டர் கண்ணில் படாமல் போனார்.

கதிர் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். சபைக்குப் புதுசு. வந்த புதிதில் மனைவியோடு வருவார், இப்போது தனியாக. ஒரு ஞாயிறு அவர் கை உயர்ந்தது. வார்னிஷ் கறை படிந்த கை. மற்ற கைகளுக்கெல்லாம் "இறக்கிக்கலாம்" என்ற பாஸ்டர் இதற்குச் சொல்லவில்லை. சொல்லாததால் அது இறங்கவுமில்லை. ஆமென் வரைக்கும் அப்படியே நின்றது.

பார்த்தவன் நான் ஒருவன். பாஸ்டரிடம் சொல்லவேண்டியதுதானே? "தம்பி ஏனுங்க கண்ணைத் தொறந்தீங்க?" என்று கேட்டுவிட்டால்?

வீட்டுக்குப் போய் அந்தக் கையைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். பறவை இல்லாத கிளை என்றேன். கடைசி வரியில் மௌனம் வந்து உட்கார்ந்தது. நன்றாகத்தான் இருந்தது. கதிருக்கு அதனால் என்ன பிரயோசனம் என்பதை மட்டும் கவிதை சொல்லவில்லை.

மறுவாரமும் கை உயர்ந்தது. "கர்த்தாவே, பாஸ்டரை ரெண்டடி வலப்பக்கம் நகர்த்தும்" என்று ஜெபித்தேன். பாஸ்டர் இடப்பக்கம் நகர்ந்தார். அன்றைக்கு வாழ்நாளில் முதல்முறையாக, பக்தியோடு இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் கை தோள்வரைக்கும் வந்து விழுந்துவிட்டது. ஆமென் சொல்வதற்குள் கதிர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். இனி இந்த ஆள் வரமாட்டார் என்று தோன்றியது. கீழே பைக்கை எடுப்பதற்குள் ஓடிப் பிடித்தேன்.

"ஏனுங்கண்ணா..."

"சொல்லுங்க தம்பி."

"உங்க பக்கம் ஃபேன் காத்து வருதுங்களா?"

"இதைக் கேக்கவா இத்தனை வேகமா ஓடியாந்தீங்க?"

"இல்லீங்க... கையைத் தூக்குனீங்கல்ல. பொட்டி மறைச்சுருச்சுங்க, பாஸ்டருக்குத் தெரியலை. நான் பாத்துப்போட்டேன். கண்ணைத் தொறந்தது தப்புத்தானுங்க."

அவர் சிரித்தார். "நீங்க பாத்தது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க."

"எப்படீங்க?"

"நானும் தொறந்து, ஓரக்கண்ணுல பின்னால பாத்துட்டுத்தானே இருந்தேன்? கையைத் தூக்குனவனுக்கு ஆராச்சும் பாக்கறாங்களான்னு தெரியோணுமில்லீங்க? தம்பி பாத்துட்டாரு, வருவாருன்னு இருந்தேன். நீங்க என்னடான்னா மறுவாரம் பொசுக்குனு கண்ணை மூடிக்கிட்டீங்க. இன்னைக்கோட வாரதை நிறுத்திப்போடலாம்னுதான் கெளம்புனேன்."

எனக்கு இரும்புக்கடைக்குள் ஒளிந்துகொள்ளலாம்போல இருந்தது. கடைக்கு ஞாயிறு விடுமுறை.

"என்ன வேணுமுங்கண்ணா?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க. கொழந்தை வயித்துலயே போயிருச்சு. அதுல இருந்து அவ ஆருகூடவும் பேசறதில்லீங்க. ஆராச்சும் ஒருக்கா ஊட்டுக்கு வந்து, சும்மா ஒரு டீ குடிச்சுட்டுப் போனாப் போதும்."

"எனக்குச் சத்தமா ஜெபம் பண்ண வராதுங்களே."

"டீ குடிக்க வருமில்லீங்க? உக்காருங்க வண்டில."

அவர் மனைவி யுவஸ்ரீ அக்கா டீயை வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். வந்தவர்கள் ஜெபிப்பதுதானே வழக்கம்? பயத்தில் இரண்டு கண்ணும் தானாகவே மூடிக்கொண்டன. "கர்த்தாவே, இந்த வீட்டைப் பாரும்" என்றேன். அதற்குமேல் வரவில்லை. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அக்கா நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடவே இல்லை. நம் வகை!

"சக்கரை போதுமுங்களா தம்பி?" என்றார்.

கதிர் சட்டென்று திரும்பிக்கொண்டு, பூட்டாத கதவின் பூட்டைச் சரிபார்க்க ஆரம்பித்தார். டீயில் சர்க்கரையே இல்லை. போதும் என்றேன்.

இதைப் படித்துவிட்டு, "ஜெப நேரத்தில் வேடிக்கை பார்ப்பதா? நானெல்லாம் அப்படி இல்லைங்க" என்று சொல்லத்தானே வாயெடுக்கிறீர்கள்? நம்புகிறேன். ஒரே ஒரு சந்தேகம். ஆறுச்சாமி அண்ணன் தூங்குவதைப் படித்தபோது உங்கள் சபையிலும் ஒருவர் ஞாபகத்துக்கு வந்து சிரித்தீர்களே, அவர் தூங்குவது உங்களுக்கு எப்படித் தெரியும்?

பரவாயில்லை, பாஸ்டரிடம் சொல்லமாட்டேன். பார்த்ததுதான் பார்க்கிறீர்கள், வருகிற ஞாயிறு உங்கள் சபை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே கை தூக்கி நிற்கிறவர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.