டாட்டா அண்ணையின் பிளாட்பாரம்

ஜெர்மனியில் டாட்டா அண்ணை அளவுக்கு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனவரும் கிடையாது, அவர் அளவுக்கு எங்கேயும் போகாதவரும் கிடையாது. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

இரண்டாயிரங்களில் நான் அங்கே கார்ஹிங் என்ற ஊரில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே வீடு. ஓட்டல் சமையல் வேலைக்குச் சாயங்காலம் போனால் போதும் என்பதால், காலை முழுக்கத் தெரிந்தவர்களையெல்லாம் வழியனுப்புவதுதான் அவருக்கு வேலை. மூன்று ஸ்டேஷன் தள்ளி வகுப்புக்குப் போகிற எங்களுக்கே புட்டுப் பொட்டலமும் கண்ணீரும் உண்டு. வண்டி நகர்ந்தால் கூடவே நடந்து டாட்டா காட்டுவார்.

ஒருநாள் தனியாக நின்ற ஒரு ஜெர்மன் அம்மாள் அவர் கண்ணில் பட்டுவிட்டார்.

"பாவம், அனுப்பிவிட ஒருத்தரும் வரேல்லை."

வண்டி மறையும்வரை அவருக்கும் கையாட்டினார். எதையோ விட்டுவிட்டு வந்துவிட்டோமாக்கும் என்று அந்த அம்மாள் பதறி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்துவிட்டார். அண்ணைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுபடியும் அனுப்பிவைத்தார்.

படிப்பு முடிந்ததும் எனக்கு ஓர் இன்டர்வியூ வந்தது. அந்த வேலை கிடைக்காவிட்டால் விசா முடிந்து மூட்டை கட்ட வேண்டியதுதான். விஷயம் பெரியது என்பதால் அண்ணை வண்டிக்குள்ளேயே ஏறிப் புத்திமதி சொன்னார். கதவு மூடிக்கொண்டது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கினார். எனக்காக வந்த மனிதரை எப்படித் தனியே விடுவது? நானும் இறங்கித் தொலைத்தேன்.

"முதல்ல நீங்க ஏறுங்கண்ணே. உங்களை ஏத்திவிட்டுட்டு நான் போறேன்."

"உங்களை அனுப்பாமல் நான் எப்பிடிப் போறது தம்பி? ஏலாது."

"நீங்க நிக்கிறப்ப நான் எப்படிண்ணே ஏறுவேன்?"

இரண்டு பக்கமும் வண்டிகள் வந்தன, போயின. மரியாதையில் அவரும் விடவில்லை, நானும் விடவில்லை.

ஆபீசில் தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். ஒருவரை வழியனுப்பினேன் என்றேன். யாரை என்றார்கள். என்னை வழியனுப்ப வந்தவரை என்றேன். வேலை கிடைக்கவில்லை.

ஒரேயடியாகச் சென்னைக்குக் கிளம்பிய காலையில், பிளாட்பாரத்தில் பெரிய ரகளை நடக்கும் என்று சீக்கிரமே போய் நின்றேன். அண்ணையைக் காணோம். போன் போட்டேன்.

"ஏண்ணே வரலை?"



"திரும்பி வாற ஆக்களைத்தானே தம்பி நான் அனுப்பிறனான். இது எனக்கு ஏலாது."

வண்டி சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.