மைனஸ் நாற்பதின் மேல் படையெடுத்த பதினேழாம் கலவை

வாழ்க அவள் பிப்பெட்! வாழ்க அதை ஏந்திய நடுங்கா வலக்கரம்! வெள்ளைக் கோட்டைக் கவசமாகவும் ரப்பர் கையுறையைக் கேடயமாகவும் பூண்டவள், மூன்றாம் மாடி ஆய்வகத்தின் முடிசூடா அரசி, கரைப்பானைச் சொட்டுச் சொட்டாய் அளப்பதால் ‘சொட்டு மேடம்’ எனும் திருநாமம் பெற்றவள், அன்னாள் ஆற்றிய குளிர்ப்போரைக் கேண்மின்!

பகைவன் எவன்? ஆளுயரக் குளிர்பெட்டிக்குள் கொலுவீற்றிருக்கும் கொடுங்கோலன், மைனஸ் நாற்பது! அவன் மூச்சுப் பட்ட மாத்திரத்தில், சோடியம் பேட்டரிக்குள் அயனிகள் நீந்திக் கடக்க வேண்டிய மின்பகுளித் திரவம் பாகாய்த் தடித்து, பாவம், அயனிகள் நட்டாற்றில் நின்றுவிடும். உப்பை மாற்றியும் கரைப்பானை மாற்றியும் அவள் ஏவிய பதினாறு கலவைப் படைகளும் இப்படித்தான் மண்ணைக் கவ்வின. பதினேழாவதும் கவ்வினால், நாளை முதல் குளிர்பெட்டி பக்கத்து அறைக்காரர்களுக்கு. அவளுடைய இரண்டாண்டு உழைப்பு அம்போ.

காலையில் பதினேழாம் கலவையைக் காசளவே ஆன இரட்டைப் பேட்டரிச் செல்களில் நிரப்பினாள். ஒன்றைப் பகைவன் கோட்டைக்குள் புகுத்தி ஏழாம் ஒயரையும், ஒப்பிட்டுப் பார்க்க மற்றொன்றை மேசைமேல் இருத்தி எட்டாம் ஒயரையும் பூட்டி, திரைமுன் அமர்ந்தாள்.

ஆகா! என்னென்பேன்! திரையில் ஏழாம் ஒயரின் கோடு, மின்னேற்றி இறக்கும் சுற்று ஒவ்வொன்றிலும் வளையாது, சாயாது, தளராது வெற்றிக்கொடியாய் நிமிர்ந்து நின்றது! எட்டாம் கோடோ, முதல் சுற்றிலேயே தொப்பென்று விழுந்து படுத்துவிட்டது. சுகமாய் மேசைமேல் கிடந்தும் சுருண்ட அந்தச் செல்லைக் கோழையென்று இகழ்ந்து, ஏதோ மூடி சரியாக அழுந்தவில்லை என்று ஒதுக்கினாள் வீராங்கனை. மகிழ்ச்சியில் அவளுக்குக் கண் கலங்கியது.

“நாப்பதை ஜெயிச்சாச்சு! பெட்டியை இனி யாருக்கும் தர மாட்டேன்!” என்று தொலைபேசியில் அவள் முழங்கிய பிரகடனம் கேட்டு, படிகள் அதிர இயக்குநர் மேலேறி வர, முடியிழந்த மன்னர்போல் பக்கத்து அறைக்காரர்கள் பின்தொடர, கரவொலி கூரையைப் பிளக்கவிருந்த அக்கணத்தில், கருவிகளைப் பராமரிக்கும் பெரியவர் மட்டும் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு ஒயர்களையும் நுனிவரை விரலால் தடவிப் பார்த்து நிமிர்ந்தார்.

“ஏழையும் எட்டையும் மாத்தி மாட்டியிருக்கீங்க மேடம்.”