இலுப்பூருக்கு வேளைக்குக் கால் மாத்திரை

எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். திருக்கோகர்ணத்தில் ஒரு மெடிக்கலில் ரொம்ப வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். நான் வாசிப்பதெல்லாம் டாக்டர்களின் கையெழுத்து. எழுதுவதெல்லாம் மருந்துக் கவரின் மேல் "காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பின்". கடைக்கு வருகிறவர்களிடம் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. அப்படிப்பட்டவன் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் கண்டக்டரைப் பற்றி வேறு யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை.

கண்டக்டரைப் போலப் பூனைக்கு வைத்தியம் பார்த்த மனிதர் புதுக்கோட்டை மாவட்டத்தில் கிடையாது. பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கடையில் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். தனி ஆள். வீட்டில் மூன்று பூனைகள். மூன்றும் வெவ்வேறு ஸ்டாப்பில் அவர் பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டுக்கு அடியில் படுத்து, டிப்போ வரைக்கும் வந்து சேர்ந்தவை. எங்கே ஏறியதோ அதுவே பெயர். இலுப்பூர், அன்னவாசல், மேட்டுச்சாலை. இதில் இலுப்பூர் என்கிற சாம்பல் நிறப் பெண் பூனைதான் அடிக்கடி நோயில் விழும்.

முதல் தடவை அவர் கடைக்கு வந்தது நினைவிருக்கிறது. ஒரு மருந்துச் சீட்டை நீட்டினார். மேலே இருந்த ஆஸ்பத்திரி முத்திரை மடிப்பில் அழிந்திருந்தது. சிரப் அளவு சொல்வதற்காக வயது கேட்டேன்.

"நாலு முடிஞ்சிருச்சு."

"எடை எவ்வளவுங்க?"

"மூணரை கிலோ."

எனக்குக் கை நின்றுவிட்டது. "நாலு வயசுப் பிள்ளை மூணரை கிலோவா? இங்க நிக்காதீங்கய்யா, உடனே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றேன். என் ஆயுளில் நான் சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான். கடையில் நின்றவர்கள் எல்லாம் கண்டக்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு அம்மா தாயில்லாப் பிள்ளையா என்று கேட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"தாயி இலுப்பூர்லயே எறங்கிருச்சு" என்றார் கண்டக்டர். பிறகு தோளில் தொங்கிய தோல்பையைத் திறந்து காட்டினார். உள்ளேயிருந்து ஒரு பூனைத் தலை வெளியே வந்து எங்களைப் பார்த்தது.

பூனைக்கென்று தனி மாத்திரை எங்கள் பக்கத்துக் கடைகளில் அவ்வளவாகக் கிடைக்காது. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா மனிதர்கள் சாப்பிடும் மாத்திரையைத்தான் எழுதுவார். வேளைக்குக் கால் மாத்திரை. அதைப் பிளேடால் நாலாக வெட்டிக் கொடுப்பது என் வேலை. கண்டக்டர் கவுண்டரில் முழங்கையை ஊன்றி, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, பிளேடையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"தம்பி, அது காலு இல்ல, அரைக்கா. அந்தப் பக்கத்துத் துண்டு பெருசா போச்சு."

"ஒரு தூசி அளவுதாங்க கூடுதல்."

"தூசியா இருந்தாலும் கூடுதல் கூடுதல்தான். வேற வெட்டு."

மருந்து கொடுத்த கணக்கு வைப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை டிக்கெட் அளவுக்கு நறுக்கி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாக வைத்திருப்பார். ஐந்து நாள் மருந்து என்றால் பத்துத் துண்டு. ஒரு வேளை கொடுத்ததும் எச்சில் தொட்டு ஒன்றைக் கிழித்துப் பூனையின் முன்னால் வைப்பார். பூனை மாத்திரையைத் துப்பிவிட்டால் அந்த டிக்கெட் செல்லாது. திரும்ப ஏற்ற வேண்டும். கட்டு தீர்ந்த அன்று எங்கள் கடைக்கு வந்து "இலுப்பூரு ட்ரிப் முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்கள் யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

ஒரு நாள் டவுன் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். பையில் இலுப்பூர். எனக்குத் தெரிந்தவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பையன் வயசுக் கண்டக்டர் ஒருவர் டிக்கெட் கொடுத்தார்.

"ஆளுக்கு ஒண்ணு குடுத்தாச்சு. பூனைக்கு?" என்றார் நம்மவர்.

"பூனைக்கெல்லாம் டிக்கெட் இல்லைங்கய்யா. சும்மா வாங்க."

"ஆட்டுக்குட்டிக்கு லக்கேஜ் போடுவீங்கள்ல? பூனை மட்டும் சும்மாவா? செக்கிங் ஏறினா நீ பதில் சொல்லுவியா, நான் சொல்லணுமா?"

"நான் சொல்லிக்கிறேங்கய்யா."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றீங்க."

பஸ் நின்றுவிட்டது. டிரைவர் எட்டிப் பார்த்தார். முன்னால் உட்கார்ந்திருந்த, கீரைக்கூடையோடு வந்த அம்மா திரும்பி, "பொட்டைப் பூனையா, கடுவனா?" என்று கேட்டார்.

"பொட்டைதான்."

"அப்பறம் என்ன. பொம்பளைக்கு டவுன் பஸ்ஸு ஃப்ரீதானே. வண்டிய எடுக்கச் சொல்லுங்க, என் கீரை வாடுது."

பஸ்ஸே சிரித்தது. நம்மவர் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். "ரூல்படி சரி" என்றார். "அப்ப அந்த ஃப்ரீ டிக்கெட்ட கிழிச்சுக் குடு." அந்தப் பையன் கிழித்துக் கொடுத்த பிறகுதான் பஸ் நகர்ந்தது.

மாட்டாஸ்பத்திரிக்கும் ஒரு தடவை என்னை இழுத்துக்கொண்டு போனார், பூனையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று. அங்கே பசு, கன்று, இருபது முப்பது ஆடு. எங்கள் பூனை ஒன்று. கண்டக்டர் உள்ளே நுழைந்தவுடன் பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்து ஊதி, "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்று ஆடுகளை வரிசைப்படுத்த ஆரம்பித்தார்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "கண்டக்டரே, இங்க விசில் ஊதக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? போன வாரம் ஒரு மாடு கயித்த அத்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடிருச்சு."

"ஸ்டாப்பு வர்றதுக்கு முன்னாடியே எறங்குச்சும்மா அது. நான் என்ன பண்றது?"

ஆட்டைப் பிடித்திருந்த ஒருவர், "பூனைக்கெல்லாமா ஊசி? போனா இன்னொண்ணு தானா வருது" என்றார்.

"ஒங்க ஆட்டுக்கு?"

"ஆட்டுக்கு வெலை இருக்குல்ல?"

"இதுக்குப் பேரு இருக்கு" என்றார் கண்டக்டர். அன்று ஊசி போட்டபோது இலுப்பூர் கடித்தது என் கட்டைவிரலை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். போன ஐப்பசி மழையில் இலுப்பூருக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கண்டக்டர் கடைக்கு வந்தபோது பைக்குள் அது சுருண்டு கிடந்தது. வழக்கம்போலத் தலையை வெளியே நீட்டவில்லை. டாக்டரம்மா மாடுகளுக்குத் தடுப்பூசி போடத் திருவரங்குளம் பக்கம் முகாமுக்குப் போய்விட்டார். எப்போது திரும்புவார் என்று தெரியாது.

 பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு நின்றார். ஒரு விரலைப் பைக்குள் விட்டு அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்காமல் நானாக வாயைத் திறந்தேன். கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கும் காய்ச்சல் சொட்டு மருந்தை எடுத்து வைத்து, "அஞ்சு சொட்டு விடுங்க. பச்சைப்பிள்ளைக்கே குடுக்குறோம், பூனைக்கு என்ன செஞ்சிரப் போகுது" என்றேன்.

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டரம்மா எழுதலையே."

"எழுதாட்டி என்னங்க, நான்தான் சொல்றேன்ல?"

"ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் டிக்கெட் கணக்கு எழுதிட்டுத்தான் வண்டிய நகர்த்துவேன், தம்பி. எழுதாம ஒரு ஸ்டேஜ் தாண்டினதில்ல நானு. இந்தா, அங்கிட்டுப் போயி அவங்ககிட்ட கேட்டுட்டு வாரேன்."

பையையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் திருவரங்குளம் பஸ் ஏறப் போனார். எனக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் ஒரு தடவை நானாக ஒரு யோசனை சொன்னேன், அதையும் கேட்கவில்லை. "சரியான கிறுக்கு" என்றேன் முதலாளியிடம். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே ஆமாம் என்றார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். முழங்கால் வரை சேறு. பாட்டிலைக் கவுண்டரில் வைத்தார். மூடியின் சீல் உடைக்கப்படவில்லை. பாட்டிலைச் சுற்றி ஒரு காலண்டர் துண்டு. அதில் டாக்டரம்மாவின் கையெழுத்து. எவ்வளவு கிறுக்கலான கையெழுத்தையும் வாசித்துவிடுகிறவன் நான். இது தெளிவாகவே இருந்தது. "பூனைக்கு இது விஷம். ஒரு சொட்டும் கூடாது."

இரண்டாவது தடவையும் வாசித்தேன். அதற்குள் முதலாளி எழுந்து வந்தார். துண்டை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"என்ன கண்டக்டரே, மருந்தைத் திருப்பிக் கொண்டாந்துட்டீங்க?"

கண்டக்டர் என்னைப் பார்த்தார். தூசி அளவு கூடினாலும் விடாத மனிதர். நான் கவுண்டரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இலுப்பூருக்கு டேஸ்ட் பிடிக்கலைங்க" என்றார்.

"பாட்டிலைப் பிரிக்கவே இல்லையே. டேஸ்ட் எப்படித் தெரிஞ்சுச்சு?"

"மோந்து பாத்துச்சு."

முதலாளி என்னைப் பார்த்துத் தலைக்கு நேரே விரலைச் சுற்றிக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

அதன் பிறகு கண்டக்டர் குரலைத் தணித்துச் சொன்னார். முகாம் நடந்த மாட்டுத் தொழுவத்தில் வைத்தே டாக்டரம்மா ஊசி போட்டு, தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார். இன்று தாண்டினால் பிழைக்கும் என்றாராம். பைக்குள் பார்த்தேன். இலுப்பூர் கண்ணை மட்டும் திறந்து மூடியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. வழக்கமாகவே எனக்கு வராதே.

அவர் புதிய சீட்டை எடுத்து வைத்தார். வேளைக்குக் கால் மாத்திரை, ஐந்து நாளைக்கு.

இனி வேறு கடைக்குத்தான் போவார் என்று நினைத்திருந்தேன். மாத்திரையை எடுத்தேன், பிளேடை எடுத்தேன். எப்போதும்போல் முழங்கையை ஊன்றி, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்ப்பார் என்று காத்திருந்தேன்.

கண்டக்டர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, நான் வெட்டி முடிக்கும்வரை மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் இலுப்பூர் ஒரு துண்டு கருவாடு தின்றது. உள்ளே வைத்திருந்த மாத்திரையைத் துப்பிவிட்டது. பத்து மணிக்குக் கண்டக்டர் இன்னொரு கால் மாத்திரை வாங்க வந்தார்.