நாற்பத்தைந்து நாளில் பூக்காத ரோஜா

எனக்குக் கோபம் அதிகம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் மிளகாய் டீச்சர். (யார் வைத்தது என்று இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.) ஆனால் இத்தனை வருடத்தில் பிள்ளைகள், பஸ் கண்டக்டர்கள், கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் எல்லோர் மேலும் பட்ட கோபத்தை ஒன்றாகச் சேர்த்தாலும், ஒரு தை மாதம் என் தம்பி வீட்டு வாசலில் என் மேலேயே எனக்கு வந்த கோபத்துக்குப் பக்கத்தில் வராது. ஆறு வருடமாகியும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி முருகேசன் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மலை நன்றாகத் தெரிகிற இடத்தில் இருக்கிறது. வாசல் கேட்டுக்கு மேலே உள்ள இரும்பு ஆர்ச்சில் அவன் மனைவி கோமதி ஒரு கொடி ரோஜாவை ஏற்றியிருந்தாள். புளியரை தாண்டிக் கேரளாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கம்பு வாங்கிவந்து நட்டது. வருடத்துக்கு ஒரே தடவைதான் பூக்கும், அதுவும் மாசியில். பூத்தால் இலை தெரியாது. வெள்ளையில் லேசாகச் சிவப்பு ஓடின சின்னப் பூக்கள், கொத்துக் கொத்தாக. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்த வருடம் அவர்கள் மகள் பிரியாவுக்கு வடகரையில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அம்மா, நிச்சயதார்த்தத்தைத் தென்காசியில் ஏசி மண்டபத்தில்தான் வைக்க வேண்டும் என்றார். கோமதி விடவில்லை. போன மாசியில் எடுத்த ஆர்ச் போட்டோவை அனுப்பி, "மாசி பத்தொம்பதுல வீட்டுலயே வைப்போம். பிள்ளைய இந்தப் பூவுக்கு அடியில நிறுத்தித் தாரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். போட்டோவைப் பார்த்து சம்பந்தியம்மா இறங்கி வந்தார். பூத்தால் கோமதி சொன்ன சொல் நிற்கும். பூக்காவிட்டால் புதுச் சம்பந்தி வீட்டில் அவள் பேச்சுக்கு அன்றோடு மரியாதை போய்விடும்.

இந்த நேரம் பார்த்து சுரண்டையில் கோமதியின் அப்பா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பத்து நாள் அவள் அங்கே போக, தம்பிக்கும் பிரியாவுக்கும் பொங்கிப்போட நான் வந்தேன். பொங்கிப்போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நான் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவரவியல் நடத்துகிறவள். செடியைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

கொடி எட்டடி, பத்தடி நீளத்துக்கு நாலா பக்கமும் சடை விழுந்து கிடந்தது. அன்றைக்கென்று யூடியூபில் தொப்பி போட்ட ஒரு மகராசன் வந்தார். "ரோஜாவை ஈவு இரக்கம் பார்க்காமல் முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். நாற்பத்தைந்தாவது நாள் பூவின் பாரம் தாங்காமல் செடி வளையும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவர் பேசியது தொட்டியில் வளர்க்கிற செடி ரோஜாவைப் பற்றி. கொடி ரோஜாவை இப்படி வெட்டக் கூடாது என்பதையும் கடைசி இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கிறார். நான் அதுவரைக்கும் பார்க்கவில்லை. (வகுப்பில் பெல் அடிக்கும் முன்னே பையை மூடுகிற பிள்ளைகளைத் திட்டுகிறவள் நான்.)

கோமதிக்குப் போன் போட்டேன். "கொடியில மட்டும் கை வச்சிராதிய மதினி. பூத்து முடிஞ்ச பொறவுதான் வெட்டணும்" என்றாள். "எனக்கே சொல்லித் தாரியா? இருவது வருசமா பாட்டனி நடத்துதேன்" என்றேன். அவளுக்கு என்னை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கணும் என்று வைத்துவிட்டாள்.

காலண்டரை எடுத்து மாசி பத்தொன்பதிலிருந்து நாற்பத்தைந்து நாள் பின்னால் எண்ணினேன். தை மூன்று வந்தது. வளர்பிறை. எனக்கு வேறென்ன வேண்டும்? நல்ல நேரம் பார்த்து, கிழக்கே திரும்பி நின்று, முகூர்த்தக்கால் நடுகிற பக்தியோடு முதல் வெட்டு வெட்டினேன். மத்தியானத்துக்குள் ஆர்ச் மொட்டையாகிவிட்டது. கையெல்லாம் முள் கீறி ரத்தம். அதோடு விட்டேனா? வெட்டுவாய்க்கெல்லாம் மஞ்சள் குழைத்துப் பூசி, குளிப்பாட்டின பிள்ளை மாதிரி அதைப் போட்டோ பிடித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே, 'நாற்பத்தைந்து நாள் பொறுத்திருங்கள்' என்று ஒரு வரி. அந்த விரலில் அன்றைக்கே முள் குத்திச் சீழ் பிடித்திருக்கக் கூடாதா?

சாயங்காலம் தம்பி வேலை முடிந்து வந்தான். கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு வீட்டு நம்பரைப் பார்த்தான். "எக்கா, கொடி எங்க?" என்றான். "வரும், நீ உள்ள போலே" என்றேன்.

கோமதியிடமிருந்து பதில் வரவில்லை. நீல டிக் மட்டும் விழுந்தது. மறுநாள் காலை சுரண்டை பஸ்ஸில் அவளே வந்துவிட்டாள். பையைக் கீழே வைக்கவில்லை, என்னிடம் பேசவில்லை. நேராகச் சுவரோரம் நான் குவித்து வைத்திருந்த கொடிகளிடம் போய் ஒன்றை உருவி எடுத்துவந்தாள்.

"இது போன ஆனி ஆடிச் சாரல்ல வளந்த கொடி மதினி. இதுலதான் இந்த மாசிக்குப் பூக்கும். பாருங்க, கணுவுக்குக் கணு கண்ணு விட்டிருக்கு. அம்புட்டும் பூ. பூத்து முடிச்ச கொடியப் பங்குனியில வெட்டணும். பூக்கப் போறதத் தையில வெட்டுவாகளா?"

அப்போதாவது வாயை மூடியிருக்க வேண்டும். "புதுசா துளுக்கும், நாப்பத்தஞ்சு நாள் பொறு" என்றேன். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் முதல்முறையாக என்னிடம் குரலை உயர்த்தினாள்.

"நான் என்னைக்காவது ஒங்க கிளாஸுக்கு வந்து, போர்டுல நீங்க எழுதினத அழிச்சிருக்கனா? சம்பந்தியம்மாகிட்ட நான் என்ன சொல்லட்டும்? எங்க மதினி காலண்டர் பாத்து வெட்டினாகன்னு சொல்லட்டுமா?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. திருப்பிக் கத்த வாயைத் திறந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது, அவள் கையிலிருந்த கொடியில் மொட்டு இருந்தது. வருடா வருடம் மொட்டின் படம் போட்டுப் பாகம் குறிக்கச் சொல்லி மதிப்பெண் போடுகிறவள் நான். கோமதி பத்தாவதோடு நின்றவள், ஆனால் அவள் அந்தக் கொடியைப் பார்த்திருந்தாள். நான் செல்போனைப் பார்த்திருந்தேன்.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பள்ளி விட்டதும் பஸ் ஏறி வந்து அந்தக் கொடியைப் பார்த்துவிட்டுப் போனேன். நன்றாகத்தான் துளிர்த்தது. இலை என்றால் அப்படி ஒரு இலை, பளபளவென்று, ஒரு பூச்சி கிடையாது. மொட்டு மட்டும் வைக்கவில்லை. பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். (தாவரவியல் ஆசிரியை!) கோமதி காபி கொடுப்பாள், பேச மாட்டாள்.

மாசி பத்தொன்பதும் வந்தது. விடிந்ததும் விடியாததுமாகத் தென்காசி மார்க்கெட்டில் இரண்டு கூடை ரோஜா வாங்கிவந்து, ஏணி போட்டு ஆர்ச் முழுக்க நூலால் கட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் பூத்த மாதிரியே இருந்தது. கோமதியே நின்று பார்த்தாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் குற்றாலத்துக் குரங்குகளை நான் மறந்துவிட்டேன். கோமதியின் கொடியை அவை அதுவரை தொட்டதில்லை, உடம்பெல்லாம் முள். நான் வாங்கி வந்ததோ பூக்காரம்மா முள்ளெடுத்துக் கொடுத்த பூ. மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றபோது ஆர்ச்சில் ஏழெட்டுக் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து இதழ் இதழாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன.

சம்பந்தியம்மா இறங்கி நிமிர்ந்து பார்த்தார். "என்ன கோமதி, போட்டோவுல பூவுல்லா காமிச்ச. நேர்ல கொரங்குல்லா இருக்கு" என்றார். கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் யாரோ, "மண்டபத்துலயே வச்சிருக்கலாம்" என்றார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கையில் நூல்கண்டோடு முன்னால் போய் நின்றேன்.

"அவ சொன்னது பொய்யில்ல சம்பந்தி. பூத்திருக்கும். வெட்டாதியன்னு சொன்னா, நான் கேக்காம வெட்டினேன். கோவப்படணும்னா என்மேல படுங்க. அவள யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது."

சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க என்ன வேல பாக்கிய?"

"டீச்சர்."

"என்ன பாடம்?"

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. பூமி பிளக்கவில்லை. "பாட்டனி" என்றேன்.

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். பிறகு வேனே சிரித்தது. சிரித்த சத்தத்தில் குரங்குகள் ஓடிப்போயின. சம்பந்தியம்மா கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த மாசிக்கு வாரேன், அப்பம் பூவக் காமி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சொன்னபடியே அடுத்த மாசிக்கு வந்தார். கொடியும் பூத்தது, இலை தெரியாமல். பிரியாவை அதற்கடியில் நிறுத்திப் போட்டோ எடுத்தோம். அவள் அப்போது ஏழு மாதம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எது தாமதமானாலும் என் பேர்தான். கரண்ட் போனால், பருப்பு வேகாவிட்டால், "நாற்பத்தைந்து நாள் பொறுத்திருங்கள்" என்பார்கள். பிரியாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டர் இன்னும் நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வலியிலும் அவள் என்னைப் பார்த்து, "அத்தை, நீங்க மட்டும் நாள் சொல்லிராதிய" என்றாள். நர்ஸ் வரைக்கும் கதை போய்விட்டது.

நான் வருகிறேன் என்றாலே கோமதி செடி வெட்டும் கத்தரியை நகை வைக்கிற பீரோவில் பூட்டிவிடுவாள். கொடி கட்டும்போது நூலைப் பிடிக்க மட்டும் எனக்கு அனுமதி. போன பங்குனியில் என்ன நினைத்தாளோ, பீரோவைத் திறந்து கத்தரியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பூத்து ஓய்ந்த பழைய கொடி ஒன்றை அடியோடு தொட்டுக் காட்டி, "இது ஒண்ண மட்டும் வெட்டுங்க மதினி" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து, அவள் காட்டின இடத்தில் கத்தரியை வைத்தேன்.

"எக்கா, இரு. காலண்டர் எடுத்துட்டு வாரேன்" என்றான் உள்ளேயிருந்து முருகேசன்.

கத்தரி என் கையில் இருந்ததை அவன் பார்க்கவில்லை.